ரூபியில் புரொடெக்டெட் மெத்தட்: பிரைவேட்டே சேய் கிளாஸில் வேலை செய்யும்போது இது எதற்கு?

ரூபி என்ற நிரல்மொழியில் பிரைவேட், புரொடெக்டெட் என்ற இரண்டு அனுமதி நிலைகளைப் பற்றி வந்த இந்தக் கேள்வியில் இரண்டு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, தாய் கிளாஸில் (சேய் கிளாஸ் எதிலிருந்து உருவாகிறதோ அதில்) ஒரு மெத்தடை பிரைவேட் என்று வைத்தாலும் சேய் கிளாஸிலிருந்து கூப்பிட முடிகிறது, புரொடெக்டெட் என்று வைத்தாலும் முடிகிறது, அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது. இன்னொன்று, அதே புரொடெக்டெட் மெத்தடை சேய் கிளாஸில் மாற்றி எழுதியதும் திடீரென்று நோமெத்தட்எரர் (அந்த மெத்தடைக் கூப்பிட முடியாது என்ற பிழை) வருகிறது, அதுவும் சில சமயம் மட்டும் வருகிறது, ஏன் என்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், ஜாவா அல்லது சி++ பழகிவிட்டு ரூபிக்கு வருபவர்கள் கொண்டுவரும் ஒரு எண்ணத்தை இறக்கி வைக்க வேண்டும். அங்கெல்லாம் பிரைவேட் என்றால் அந்த கிளாஸோடு சரி, சேய் கிளாஸுக்குக்கூடக் கிடைக்காது, சேய்க்குக் கொடுக்க வேண்டுமென்றால் புரொடெக்டெட் போட வேண்டும். ரூபியில் இந்தக் கணக்கே கிடையாது. பிரைவேட் மெத்தட் மற்ற மெத்தட்களைப் போலவே சேய் கிளாஸுக்குப் போய்ச் சேரும், சேய் அதைத் தாராளமாகக் கூப்பிடலாம், மாற்றி எழுதலாம், சூப்பர் போட்டு மேலே இருப்பதை எட்டலாம். சி++ காரர் புரொடெக்டெட் என்று நினைத்து எழுத வரும் இடங்களில் பெரும்பாலும் ரூபியில் எழுத வேண்டியது பிரைவேட் தான்.

அப்படியானால் ரூபியின் பிரைவேட் எதைத் தடுக்கிறது? கூப்பிடும் விதத்தை. மெத்தட் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து ஒரு ஆப்ஜெக்டை, அதாவது ரிசீவரை, எழுதினால் பிரைவேட் மெத்தட் வேலை செய்யாது. வெறும் பெயரை மட்டும் எழுதினால் வேலை செய்யும், ஏனென்றால் அப்போது ரிசீவர் தானாகவே செல்ஃப் (அந்த வரியை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்) ஆகிவிடுகிறது. இதற்கு ஒரே விலக்கு, ரிசீவராக செல்ஃப் என்றே நேராக எழுதுவது. மதிப்பு ஏற்றும் மெத்தட்களுக்கு, அதாவது பெயர் சமக்குறியில் முடிபவற்றுக்கு, இந்தச் சலுகை முன்பே இருந்தது. மற்ற எல்லா பிரைவேட் மெத்தட்களுக்கும் 2019 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில் கொடுத்தார்கள். ஆக, பிரைவேட் பார்ப்பது நீங்கள் கூப்பிட்ட வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும்தான். எந்த கிளாஸ், யார் வாரிசு என்ற கேள்வியே அங்கே எழாது.

இப்போது ஒரு எடுத்துக்காட்டு. மென்பொருள் பதிப்பு எண்களை ஒப்பிட 'பதிப்பு' என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்று வையுங்கள். 2.7.1 என்ற எழுத்துச் சரத்தைப் பிரித்து மூன்று எண்கள் கொண்ட ஒரு வரிசையாக உள்ளே வைத்துக்கொள்கிறது. அந்த வரிசையைத் தருகிற மெத்தட் பெயர் பகுதிகள். ஒப்பிடும் ஆப்பரேட்டரான <=> உள்ளே நாம் எழுதுவது இவ்வளவுதான்:

பகுதிகள் <=> வேறு.பகுதிகள்

இடது பக்கம் வெறும் பெயர், அதனால் பகுதிகள் பிரைவேட்டாக இருந்தாலும் சிக்கலில்லை. வலது பக்கம்தான் மாட்டிக்கொள்ளும், 'வேறு' என்ற இன்னொரு ஆப்ஜெக்ட் ரிசீவராக நிற்கிறது. அது இதே கிளாஸைச் சேர்ந்ததாகவே இருந்தாலும் பிரைவேட் விடாது (ஜாவாவில் விடும், கவனியுங்கள்). சரி, பப்ளிக் ஆக்கிவிடலாம் என்றால், உள்ளே வரிசையாக வைத்திருக்கிறோமா வேறு எப்படியோ வைத்திருக்கிறோமா என்பது வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு அதை மாற்ற நினைத்தால் எங்கெங்கோ இருக்கும் கோடு (எழுதிய நிரல்) உடையும். இந்த இடைவெளிக்குத்தான் புரொடெக்டெட் இருக்கிறது: வெளியாருக்கு மூடியிருக்க வேண்டும், ஆனால் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஆப்ஜெக்ட் கேட்டால் திறக்க வேண்டும்.

இனம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், ரூபி இதை எப்படிச் சோதிக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும், உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஒரு மெத்தட் கூப்பிடப்படும்போது ரூபி முதலில் ரிசீவரின் வம்சாவளியில் தேடுகிறது. அந்த ஆப்ஜெக்டின் சிங்கிள்டன் கிளாஸ் (அந்த ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டுமான கிளாஸ்), அப்புறம் அதன் கிளாஸ் (பிரிபெண்ட் செய்த மாட்யூல், அதாவது முன்னால் செருகிய மெத்தட் தொகுப்பு, இருந்தால் அது கிளாஸுக்கு முன்னால்), அப்புறம் இன்க்ளூட் செய்த, அதாவது கிளாஸுக்குப் பின்னால் சேர்த்த மாட்யூல்கள், அப்புறம் தாய் கிளாஸ், இப்படியே ஆப்ஜெக்ட், கெர்னல், பேசிக்ஆப்ஜெக்ட் வரை. அந்தப் பெயரில் முதலில் எது கிடைக்கிறதோ அதோடு தேடல் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அனுமதிச் சோதனை. கிடைத்தது புரொடெக்டெட் என்றால் ரூபி கேட்பது ஒரே கேள்வி: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோடின் செல்ஃப் எதுவோ அது, இந்த மெத்தட் எந்த கிளாஸில் அல்லது மாட்யூலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் வழி வந்ததா? அதாவது கூப்பிடுகிறவரின் செல்ஃப் மீது is_a? சோதனை, தமிழில் சொன்னால் 'இது அதன் வகையா' என்பதுதான். ஆம் என்றால் ஓடும், இல்லை என்றால் மெத்தட்_மிஸ்ஸிங் (மெத்தட் கிடைக்காதபோது ரூபி கூப்பிடுவது) வழியாக நோமெத்தட்எரர். மேலே ஏறி இதே பெயரில் அனுமதி உள்ள வேறொன்று இருக்கிறதா என்று ரூபி பார்க்கவே பார்க்காது.

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டியது, ரிசீவரின் கிளாஸ் எது என்று அது கேட்பதில்லை. கிடைத்த மெத்தடின் ஓனர், அதாவது அது எழுதப்பட்ட கிளாஸ் அல்லது மாட்யூல், எது என்றுதான் கேட்கிறது. பெரும்பாலான விளக்கங்களில் 'ஒரே கிளாஸின் ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று கூப்பிடலாம்' என்று முடித்துவிடுவார்கள், அது தவறில்லை, ஆனால் இன்ஹெரிடன்ஸ் (தாய்-சேய் உறவு) வந்த உடனே அந்த வாக்கியம் கைவிட்டுவிடும்.

எப்படி என்று பாருங்கள். பதிப்பு கிளாஸிலிருந்து 'சோதனைப்பதிப்பு' என்று ஒரு சேய் கிளாஸ், 'நீண்டகாலப்பதிப்பு' என்று இன்னொன்று. பகுதிகள் மெத்தட் தாயில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது என்றால், இந்த மூன்று கிளாஸின் ஆப்ஜெக்ட்களும் எந்தத் திசையிலும் ஒன்றையொன்று ஒப்பிடலாம். ஓனர் பதிப்பு, மூன்றுமே பதிப்பின் வகை. ஒன்றுக்கொன்று உறவே அறியாத இரண்டு சேய்களும்கூட ஒன்றின் பகுதிகளை மற்றொன்று பார்க்கலாம். தாய்க்கும் சேய் ஆப்ஜெக்டின் பகுதிகள் கிடைக்கும்.

இப்போது சோதனைப்பதிப்பில் ஆர்சி 1, ஆர்சி 2 மாதிரி கூடுதல் எண் ஒன்று வருகிறது, அதனால் அங்கே பகுதிகளை மாற்றி எழுதி, சூப்பர் தரும் வரிசையோடு ஒன்றைச் சேர்த்து, ஒழுங்காக அதையும் புரொடெக்டெட் என்று வைக்கிறீர்கள். சோதனைப்பதிப்பு ஆப்ஜெக்ட் இடது பக்கம், சாதாரண பதிப்பு வலது பக்கம்: செல்ஃப் சோதனைப்பதிப்பு, வலப்பக்கம் கிடைக்கும் மெத்தடின் ஓனர் பதிப்பு, சோதனைப்பதிப்பும் பதிப்பின் வகைதான், ஓடுகிறது. திருப்பிப் போடுங்கள்: செல்ஃப் சாதாரண பதிப்பு, வலப்பக்கம் சோதனைப்பதிப்பு ஆப்ஜெக்ட், அதில் தேடினால் முதலில் கிடைப்பது சேய் எழுதியது, ஓனர் சோதனைப்பதிப்பு. சாதாரண பதிப்பு சோதனைப்பதிப்பின் வகையா? இல்லை. நோமெத்தட்எரர். சேய் தாயிடம் கேட்கலாம், தாய் சேயிடம் கேட்க முடியாது, இத்தனைக்கும் <=> எழுதப்பட்டிருப்பது தாயில்தான்.

சில சமயம் மட்டும் வருகிறது என்றீர்களே, அதற்கும் இதுவே காரணம். பல பதிப்புகளை ஒரு வரிசையில் போட்டு சார்ட் செய்யும்போது, அதாவது ஒழுங்குபடுத்தும்போது, எந்த இரண்டை, எந்தப் பக்கம் எதை வைத்து ஒப்பிடுவது என்பதை சார்ட் தான் தீர்மானிக்கிறது. உள்ளே போகும் வரிசை ஒழுங்கு மாறினால் இடது பக்கம் வருபவர் மாறுவார். ஒரு தரவுக்குச் சரியாக ஓடும், இன்னொன்றுக்கு விழும். டெஸ்டில் இரண்டே ஆப்ஜெக்ட் வைத்து ஒரு திசையில் மட்டும் ஒப்பிட்டிருந்தால் கண்ணிலேயே படாது, அதனால் இந்த மாதிரி கிளாஸுக்கு டெஸ்ட் எழுதும்போது இரண்டு திசையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். இன்னொன்று, மிகப் பழைய ரூபியில் இது இதைவிட மோசமாக ஒளிந்துகொள்ளும். கம்பேரபிள் மாட்யூல் (<=> எழுதினால் மற்ற ஒப்பீடுகளைத் தானே தருவது) தரும் == ஆப்பரேட்டர், 2.3 பதிப்பு வரும் வரை, <=> உள்ளே எழும் பிழையை விழுங்கிவிட்டு பொய் என்று விடை தந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கோடில் இரண்டும் சமமில்லை என்று விடை வந்தால் அது உண்மையிலேயே சமமில்லாததாலா, உள்ளே பிழை எழுந்ததாலா என்று சொல்லவே முடியாது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பொறி இருக்கிறது, இதுதான் ஆட்களைத் தவறான முடிவுக்குத் தள்ளுவது. ரூபியில் மாற்றி எழுதும்போது அனுமதி நிலை தாயிடமிருந்து வராது. தாயில் புரொடெக்டெட், சேயில் சும்மா எழுதினால் சேயினுடையது பப்ளிக். பிரைவேட்டுக்கும் இதே கதைதான் (இனிஷியலைஸ் போன்ற ஒரு சில பெயர்கள் எங்கே எழுதினாலும் பிரைவேட், அது தனி). ஆகவே சேயில் புரொடெக்டெட் என்ற வரியை மறந்தவருக்கு ஒப்பீடு எல்லாத் திசையிலும் ஓடும், எந்தப் பிழையும் வராது, ஆனால் உள் விவரம் முழுக்க வெளியே தெரியும்படி திறந்து கிடக்கும். மறக்காமல் போட்டவருக்குப் பிழை வரும். அவர் தேடிப் பார்த்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் 'சரியாகிவிடும்'. அப்படிச் சரியானதாக நினைத்து விட்ட கோடு நிறைய இருக்கிறது. ஒரு மெத்தட் எப்படி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கிளாஸிடம் protected_instance_methods போன்றவற்றை, அதாவது புரொடெக்டெட்_இன்ஸ்டன்ஸ்_மெத்தட்ஸ், பப்ளிக்_இன்ஸ்டன்ஸ்_மெத்தட்ஸ் ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்துவிடலாம், ஒரு நொடி வேலை.

சரி, முறையாக எப்படித் தீர்ப்பது? நான் எப்போதும் செய்வது, புரொடெக்டெட் மெத்தடைச் சேயில் மாற்றி எழுதவே விடாமல் இருப்பது. தாயில் பகுதிகள் புரொடெக்டெட்டாக இருக்கட்டும். அது தன் மூன்று எண்களோடு கூடுதல்_பகுதிகள் என்ற இன்னொரு மெத்தட் தருவதைச் சேர்த்துக் கொடுக்கட்டும். கூடுதல்_பகுதிகள் தாயில் காலியான வரிசையைத் தரும் பிரைவேட் மெத்தட். சோதனைப்பதிப்பு மாற்றி எழுத வேண்டியது அதை மட்டும், அங்கேயும் பிரைவேட் என்று மறுபடி போட்டு. இப்போது வெளியிலிருந்து எட்டப்படும் வாசல் பகுதிகள் ஒன்றுதான், அதன் ஓனர் என்றைக்கும் தாய்தான், அதனால் அனுமதிச் சோதனை எல்லாத் திசையிலும் தேறும். உள்ளே நுழைந்த பிறகு செல்ஃப் அந்தச் சேய் ஆப்ஜெக்டே, ஆகவே வெறும் பெயரால் கூப்பிடப்படும் கூடுதல்_பகுதிகள் சேயினுடைய வடிவமாகவே கிடைக்கும். ரூபியில் பிரைவேட் மெத்தடைச் சேய் மாற்றி எழுத முடியும் என்று ஆரம்பத்தில் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது.

சிலர் சென்ட் (பெயரைக் கொடுத்து மெத்தடைக் கூப்பிடும் மெத்தட்) போட்டு இந்தத் தடையைத் தாண்டுவார்கள். சென்ட் எந்த அனுமதியையும் பார்க்காது, பிரைவேட்டாக இருந்தாலும் கூப்பிட்டுவிடும், அதனால் வேலை நடக்கும். ஆனால் அப்படி எழுதிய வரி புரொடெக்டெட் என்ற அறிவிப்பையே அர்த்தமில்லாததாக்குகிறது, அதைவிட நேராக பப்ளிக் என்று வைத்து இது உள் உபயோகத்துக்கு என்று ஒரு குறிப்பு எழுதுவது நேர்மையான வழி. அனுமதியை மதித்துப் பெயரால் கூப்பிட வேண்டுமென்றால் பப்ளிக்_சென்ட் இருக்கிறது, அது புரொடெக்டெட்டையும் விடாது.

ஓனர் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற விசித்திரங்களும் தாமாகவே புரியும். கிளாஸ் மெத்தடிலிருந்து, உதாரணமாக பதிப்புகளின் பட்டியலை வாங்கி அதில் உச்சத்தைத் தேடித் தரும் ஒரு மெத்தடைப் பதிப்பு கிளாஸின் மேலேயே எழுதி, அதற்குள் ஒவ்வொன்றின் பகுதிகளையும் கூப்பிட்டால் விழும். ஒரே கிளாஸ், ஒரே ஃபைல், அடுத்தடுத்த வரிகள், இருந்தும் விழும், ஏனென்றால் அங்கே செல்ஃப் என்பது பதிப்பு என்ற கிளாஸ், அது கிளாஸ் வகையே தவிர பதிப்பு வகை இல்லை. கோடு எந்த ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ரூபிக்கு ஒரு பொருட்டே இல்லை. இதன் மறுபக்கமாக, பதிப்பு ஆப்ஜெக்டின் மெத்தடில் எழுதிய பிளாக்குக்குள் கூப்பிட்டால் ஓடும், பிளாக் தான் எழுதப்பட்ட இடத்தின் செல்ஃபையே வைத்திருக்கும், இன்ஸ்டன்ஸ்_இவால் போல செல்ஃபை மாற்றுகிற ஒன்றுக்குள் போனால்தான் கதை மாறும். ஆனால் மேப் போன்றவற்றுக்கு &: போட்டு மெத்தட் பெயரைச் சுருக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இங்கே உதவாது, புரொடெக்டெட் மெத்தடுக்கு அதை நம்பாதீர்கள், பிளாக்கை முழுசாக எழுதுங்கள்.

மாட்யூலும் இதே விதிதான். ஒரு மாட்யூலில் புரொடெக்டெட் மெத்தட் எழுதி, சம்பந்தமே இல்லாத இரண்டு கிளாஸ்களில் இன்க்ளூட் செய்தால், அந்த இரண்டின் ஆப்ஜெக்ட்களும் ஒன்றையொன்று கூப்பிடலாம், ஓனர் மாட்யூல், இரண்டுமே அதன் வகை. இதை நீட்டிப் பாருங்கள்: ஆப்ஜெக்ட் என்ற கிளாஸையே திறந்து அதில் ஒரு புரொடெக்டெட் மெத்தட் எழுதினால் கிட்டத்தட்ட எல்லாமே ஆப்ஜெக்டின் வகை என்பதால் அது நடைமுறையில் பப்ளிக் தான்.

ஒரு ஆப்ஜெக்டுக்கு ஒரு மெத்தட் உண்டா என்று கேட்கும் ரெஸ்பாண்ட்_டூ? பற்றியும் சொல்ல வேண்டும். 2013 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, புரொடெக்டெட் மெத்தடுக்கு அது இல்லை என்றுதான் சொல்லும், இரண்டாவது ஆர்க்யுமென்டாக உண்மை என்று கொடுத்தாலொழிய. ஆகவே <=> உள்ளே 'வேறு பகுதிகளுக்கு ரெஸ்பாண்ட் ஆகுமா' என்று சோதித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் சொந்த இனத்தையே வெளியே தள்ளிவிடும். அங்கே is_a? போட்டு, அதாவது பதிப்பு வகையா என்று கேட்டு, இல்லையென்றால் nil (வெற்று மதிப்பு) திருப்புவதுதான் சரி. குழப்பம் என்னவென்றால், ஆப்ஜெக்டிடம் மெத்தட்ஸ் என்று பட்டியல் கேட்டால் புரொடெக்டெட்டும் அதில் வரும், மெத்தட்_டிஃபைன்ட்? கேட்டாலும் உண்டு என்றே வரும். பட்டியலில் இருப்பதைக் கூப்பிட்டால் பிழை வருவது இதனால்தான். சிம்பிள்டெலிகேட்டர் போன்ற போர்வை ஆப்ஜெக்டுக்குள் ஒரு பதிப்பைச் சுற்றி அதை 'வேறு' இடத்தில் கொடுத்தாலும் இதே காரணத்தால் பகுதிகள் கிடைக்காது.

எழுதும் முறையில் சில சின்ன விஷயங்கள். ஆர்க்யுமென்ட் இல்லாமல் புரொடெக்டெட் என்று தனி வரியாகப் போட்டால் கிளாஸ் முடியும் வரை அல்லது அடுத்த அனுமதிச் சொல் வரும் வரை கீழே வரும் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஆனால் செல்ஃப் போட்டு எழுதும் கிளாஸ் மெத்தட்களை அது தொடாது. அதே கிளாஸை வேறு இடத்தில் மறுபடி திறந்தால் மீண்டும் பப்ளிக்கில்தான் தொடங்கும். 2.1 முதல் டெஃப் (மெத்தட் எழுதத் தொடங்கும் சொல்) அந்த மெத்தடின் பெயரைத் திருப்பித் தருவதால் டெஃப்புக்கு முன்னாலேயே புரொடெக்டெட் என்று சேர்த்து எழுதலாம், 3.0 முதல் உள் மதிப்பைப் படிக்கும் மெத்தடை உருவாக்கித் தரும் அட்ர்_ரீடருக்கு முன்னாலும் எழுதலாம். எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும், ஒரு மெத்தடைப் பார்த்த உடனே அதன் நிலை அதே வரியில் தெரிகிறது, முந்நூறு வரி மேலே போய்த் தேட வேண்டியதில்லை, முக்கியமாகச் சேய் கிளாஸில் மாற்றி எழுதும்போது மறக்க வாய்ப்பு குறைவு.

எப்போது பயன்படுத்துவது என்று கேட்டால், என் பதில் குறுகலானது. ==, <=>, இரண்டைச் சேர்த்து மூன்றாவதை உருவாக்குவது, அதாவது ஒரு ஆப்ஜெக்ட் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் உள்ளே பார்த்தே ஆக வேண்டிய இடங்களில் மட்டும். பழைய ரெயில்ஸ் (ரூபியில் வலைத்தளம் எழுதும் கட்டமைப்பு) கோடில் கன்ட்ரோலரின் (வரும் கோரிக்கையைக் கையாளும் கிளாஸின்) அடியில் புரொடெக்டெட் என்று போட்டு உதவி மெத்தட்களை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கன்ட்ரோலர் இன்னொரு கன்ட்ரோலரின் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை, பிரைவேட் என்று மாற்றினாலும் சேய் கன்ட்ரோலர்கள் எல்லாம் அப்படியே ஓடும். சேய் கிளாஸுக்கு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வைத்த புரொடெக்டெட் எதையும் தயங்காமல் பிரைவேட் ஆக்கலாம். ரிசீவர் போட்டுக் கூப்பிட்ட இடம் ஏதாவது இருந்தால் டெஸ்ட் ஓடும்போது பிழையாக வந்து காட்டிக்கொடுக்கும், அங்கே மட்டும் நிதானித்துப் பாருங்கள்.

உங்கள் கோடில் இப்போது வரும் பிழையைப் பிடிக்க, விழுகிற வரிக்குச் சற்று முன்னால் இரண்டை அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று, செல்ஃபின் கிளாஸ். இன்னொன்று, 'வேறு' என்ற ஆப்ஜெக்டிடம் மெத்தட் என்று கேட்டுப் பகுதிகள் பெயரைக் கொடுத்து, வரும் ஆப்ஜெக்டிடம் ஓனர் என்று கேட்டால் கிடைப்பது. முதலாவது இரண்டாவதாகவோ அதன் வழி வந்ததாகவோ இல்லையென்றால் காரணம் அதுதான். ஓனர் இடத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு மாட்யூல் பெயர் வந்தால், யாரோ அதை பிரிபெண்ட் அல்லது இன்க்ளூட் செய்திருக்கலாம், அங்கே போய்ப் பாருங்கள்.